வானூர் வட்டாரத்தில் நோயாளிகளைத் தேடி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுடையது. இவ்வழியே பேருந்தில் பயணம் செய்வோருள் பெரும்பாலோர் கிளியனூரையும் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டையும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சென்று, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் வாயில் தென்பட்டதும் மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வானூர் இப்பெருவழியிலிருந்து சற்றே விலகி இருக்கிறது. அதன் பெயரால் ஒரு வட்டமும், ஓர் ஊராட்சி ஒன்றியமும், ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. இருந்தும், வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வருவோரைத் தவிர அவ்வூரைத் தேடி வருவோர் மிகச் சிலரே.

வட்டத்தின் மற்ற ஊர்களுக்கு அந்தக் குறை இல்லை. 1968ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆரோவில்லுக்குப் பல நாட்டு மக்களும் வருகிறார்கள். திருவக்கரைக்குப் பக்தர்கள் வருகிறார்கள். கல்லாகிப்போன மரங்களைக் காண மாணவர்களும் வருகிறார்கள். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரங்கள் அங்கே மரத்தின் வரிகளும் வளையங்களும் மாறாமல் கல்லாய்க் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவற்றை வேலியிட்டுக் காத்து வருகிறது. கிழக்கே கழுவெளி என்னும் பெரிய சதுப்பு நிலம். 2021ஆம் ஆண்டு அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. செம்மண் மேடுகளில் முந்திரியும் சவுக்கும், பள்ளங்களில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும், மேற்கே கல் குவாரிகளும் என்று ஒரே வட்டத்துக்குள் பலவகை நிலங்கள் உள்ளன.

இவற்றைப் பற்றியெல்லாம் எழுதியோர் உண்டு. நாம் கடந்த தவக்காலத்தில் இரண்டு நாள்கள் இவ்வட்டாரத்தில் சுற்றியது இவற்றைக் காண்பதற்காக அன்று. இங்கே வீடுகளில், திண்ணைகளில், சில இடங்களில் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில், இனிக் குணமாகாது என்று சொல்லப்பட்ட மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். அவர்களைக் காணவே சென்றோம்.

எம்மை அழைத்துச் சென்றவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர். ஊரார் அவரை "நர்சம்மா" என்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் நாமும் அவ்வாறே குறிப்பிடுகிறோம். தம் ஸ்கூட்டரின் முன்புறம் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னே செல்ல, எமது பழைய மோட்டார் சைக்கிளில் நாம் பின்தொடர்ந்தோம். அந்தப் பையில் இருந்தவை யாவை என்று வாசகர்கள் அறிய விரும்பலாம். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புநீர் ஒரு புட்டி, பஞ்சு, வெளுத்துக் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள், கையுறை, சில மாத்திரைகள், நகவெட்டி, தேங்காய் எண்ணெய், ஒரு சீப்பு. அவ்வளவே.

எந்தப் பெரிய மருத்துவமனையாயினும், ஒரு கட்டத்தில் மருத்துவர் வீட்டாரை ஓரமாக அழைத்து, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுண்டு. கிராமத்து மக்கள் அதனைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அன்று முதல் மருந்தும் இல்லை, விசாரிப்பும் இல்லை. காத்திருத்தல் ஒன்றே மிஞ்சுகிறது. நர்சம்மாவின் கருத்து இதற்கு நேர்மாறானது. "ஆஸ்பத்திரி கைவிட்ட அன்னைக்குத்தான் சாமி நர்சு வேலையே ஆரம்பிக்குது" என்றார். நோயைக் குணமாக்குவது மருத்துவரின் வேலை. வலியைத் தணிப்பதும், புண்ணைக் கழுவுவதும், வாயை ஈரமாக வைப்பதும், புரட்டிப் படுக்க வைப்பதும் குணமாகாத நோயாளிக்கும் வேண்டியவை; அவருக்கே அதிகம் வேண்டியவை.

முதல் நாள் காலையில் கிளியனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டுக்குச் சென்றோம். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. மார்பில் தோன்றிய புற்றுநோய் புண்ணாகிவிட்டது. புண்ணின் நாற்றம் தாங்க மாட்டாமல் கட்டிலைக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். கணவர் கெட்டவர் அல்லர். மனைவியின் சிகிச்சைக்காக நிலத்தை அடமானம் வைத்தவர். ஆயினும் ஒரே அறையுள்ள வீட்டில் மருமகளும் கைக்குழந்தையும் இருக்கையில் அவர் வேறென்ன செய்வார்? அந்த அம்மையாருக்கு வலியைக் காட்டிலும், தாம் சமைத்துப் போட்ட வீட்டிலிருந்து தம்மை வெளியே போட்டுவிட்டார்களே என்பதே பெரிதாக இருந்தது.

நர்சம்மா அரை மணி நேரம் அப்புண்ணோடு இருந்தார். உப்புநீரால் மெல்ல மெல்லக் கழுவினார். ஒட்டியிருந்த துணியைப் பிய்த்து எடுக்காமல் நனைத்து நனைத்து எடுத்தார். பிறகு மெட்ரோனிடசோல் என்னும் மலிவான மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணின்மேல் தூவித் துணியிட்டு மூடினார். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை இம்மாத்திரை அடக்குகிறது. நாள்தோறும் இவ்வாறு செய்துவந்தால் சில நாள்களிலேயே நாற்றம் பெரிதும் தணியும் என்பது இந்தியாவெங்கும் இப்பணியில் ஈடுபட்டோர் கண்ட அனுபவம். மருமகளை அருகே அழைத்து, மறுநாள் முதல் அவளே செய்யுமாறு கற்பித்தார். "பத்து நாள் கழிச்சு வருவேன். அப்ப கட்டில் உள்ள இருக்கணும்" என்று கணவரிடம் சொன்னார். நோயைக் குணமாக்க முடியாத ஒரு மாத்திரைக்கு, ஒரு தாயைத் தன் வீட்டுக்குள் மீண்டும் கொண்டு சேர்க்கும் வல்லமை இருப்பதை அன்று கண்டோம்.

அவ்வீட்டில் இன்னொரு பேச்சும் எழுந்தது. மருத்துவர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கணவர் அதனை வாங்கி வந்து, கொடுக்காமல் பரணில் வைத்திருந்தார்.

"அது அபினாமே, நர்சம்மா. ஒரு தடவ குடுத்தா அப்புறம் நிறுத்த முடியாதாமே. கடைசியில குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"கடைசின்னா எது தம்பி? ராத்திரி முழுக்க அது கத்துறது கடைசி இல்லையா?"

இந்த அச்சம் ஒரு குடும்பத்தின் அச்சமன்று, நாட்டின் அச்சம். மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவதே. அபினிச் செடியை உரிமம் பெற்றுப் பயிரிடும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் கண்காணிப்பில் அது விளைகிறது. அப்படியிருந்தும், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், உரிமங்களின் சிக்கலாலும் தண்டனைக்கு அஞ்சியும், மருத்துவமனைகள் மார்பினை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. மருத்துவக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை மாணவர்கள் அதனைக் கையாளக் கற்காமலே மருத்துவராயினர். 2014ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதனை வைத்திருப்பது எளிதாக்கப்பட்டது. சட்டம் திருந்தியது, அச்சம் இன்னும் பரணிலேயே இருக்கிறது.

உண்மை யாதெனில், கடும் வலிக்கு மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்பின், நோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவது அரிது. வலி வந்தபின் கொடுப்பதைவிட, வலி திரும்பி வருமுன் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே முறை. சாதாரண மாத்திரையாயின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் சில நாள்களில் தூக்கம் மிகும், குமட்டல் வரலாம். அவை பெரும்பாலும் தாமே நீங்கும். மலச்சிக்கல் மட்டும் நீங்காது. ஆதலால் மார்பினோடு மலமிளக்கி ஒன்றும் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும். திருச்சபைக்கும் இதில் தயக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வலியைத் தணிப்பதே நோக்கமாயிருக்க, வேறு வழியும் இல்லையெனில், ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்ற நிலையிலும் இத்தகைய மருந்துகளைக் கொடுக்கலாம் என்று தெளிவுபடுத்தினார். துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் நம் மறையில் உயர்ந்த செயலே. ஆனால் அது நோயாளி தாமே விரும்பிச் செய்வது. அருகிலிருப்போர் மாத்திரையைப் பரணில் வைத்து அவர்மேல் சுமத்துவதன்று.

வலியைக் கடிகாரம் பார்த்துத் தணிக்கும் இம்முறை பரவிய வரலாற்றில் துறவுச் சகோதரிகளுக்குப் பெரும் பங்குண்டு. ஹாஸ்பிஸ் என்ற சொல்லே வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிறரன்புச் சபையின் ஐரிஷ் சகோதரிகள் 1879இல் டப்ளின் நகரிலும், 1905இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் புனித சூசையப்பர் பெயரிலும் சாகும் நிலையிலுள்ள ஏழைகளுக்கு இல்லங்கள் அமைத்தார்கள். அந்த ஹாக்னி இல்லத்துக்கு 1958ஆம் ஆண்டு சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் வந்தார். அவர் ஆங்கிலிக்கர், முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவர். 1948இல் போலந்து நாட்டு யூதர் ஒருவர் அவருடைய பராமரிப்பில் இறந்தபோது, அவர் அமைக்கப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார். அவ்வில்லம், புனித கிறிஸ்தோபர் ஹாஸ்பிஸ், 1967இல் லண்டனில் திறக்கப்பட்டது. பயணிகளின் பாதுகாவலர் பெயரை அவர் அதற்கு வைத்தது பொருத்தமே. உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே சாகும் மனிதரின் வலி என்று அவர் கற்பித்தார். கொட்டகைக் கட்டிலில் நாம் கண்டதும் அதுவே.

நம் நாட்டில் அன்னை தெரசா 1952இல் கல்கத்தா காளிகட்டில் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் திறந்ததை அறியாத கத்தோலிக்கர் இரார். மருத்துவ முறைப்படி அமைந்த முதல் ஹாஸ்பிஸ், 1986இல் பம்பாய் பாந்திராவில் மருத்துவர் எல். ஜே. டிசூசா தொடங்கிய சாந்தி அவேத்னா. ஆயினும் வானூர் வட்டாரத்துக்கு நாம் பாடமாகக் கொள்ளத்தக்கது, எமது எண்ணத்தில், கட்டடங்களைவிடக் கேரளத்தின் வழியே. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாயிற்று. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்கள். செலவுக்குச் சிறு சிறு காணிக்கைகள். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. கட்டில் அங்கே வீட்டிலேயே இருந்தது. கவனிப்புத்தான் வீடு தேடி வந்தது.

இல்லங்கள் வேண்டாம் என்பதன்று எமது கருத்து. யாருமற்றோருக்கு இல்லம் வேண்டும். ஆனால் 2023ஆம் ஆண்டு நம் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காப்பகத்தைப் பற்றி எழுந்த புகார்களையும் வழக்கையும் மக்கள் மறக்கவில்லை. அன்பின் பெயரால் நடத்தப்படும் இல்லமாயினும், நம்மவர் நடத்துவதாயினும், உரிமமும் கணக்கும் ஆய்வும் இருந்தே தீரவேண்டும்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீடு தேடிச் செல்லும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரை இன்று கிராமங்களில் எல்லாரும் அறிவர். படுக்கையிலிருப்போரைப் பார்க்கும் செவிலியரும் அத்திட்டத்தில் உண்டு என்பதை அத்தனை பேர் அறியவில்லை. நர்சம்மா செல்லுமிடமெல்லாம் முதலில் கேட்பது, "உங்க ஊர் தன்னார்வலர்கிட்ட பேரு குடுத்தீங்களா?" என்பதே. ஓய்வு பெற்ற ஒருவரின் துணிப்பை ஒரு வட்டம் முழுவதற்கும் போதாது. உலகளவில் பார்த்தாலும், இத்தகைய பராமரிப்புத் தேவைப்படுவோர் ஆண்டுக்கு 5 கோடியே 68 இலட்சம் பேர், அதனைப் பெறுவோர் அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காடே என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

பிற்பகலில் மேற்கே திரும்பினோம். திருவக்கரையைச் சுற்றிக் கல்லுடைக்கும் ஆலைகளின் புழுதி வெயிலில் வெண்புகைபோல் நிற்கும். சாலையோரத்து வேம்புகூட அங்கே பச்சையாக இல்லை. குவாரியில் வேலை செய்து நுரையீரலில் கல்தூசி படிந்த ஒருவரின் வீடு அது. வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். சிலிகோசிஸ் என்னும் இந்நோய் புற்றுநோயன்று, ஆயினும் குணமாவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதால் இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார். நர்சம்மா அவர் முன்னே ஒரு முக்காலியை வைத்து, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, அதன்மீது கைகளை மடித்துக் கவிழ்ந்து சாயச் செய்தார். மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பினார். முகத்தில் காற்றுப் படுவதே மூச்சுத்திணறலின் அச்சத்தைக் குறைக்குமாம். மருத்துவரின் உத்தரவோடு மிகச் சிறிய அளவு மார்பின் இதற்கும் பயன்படுவதுண்டு என்றும் கூறினார்.

மனைவி எம்மை வாசலுக்கு அழைத்து வந்து, "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, சரியாயிடும்னு சொல்லியிருக்கோம், நீங்களும் அப்பிடியே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். உள்ளே சென்றபோது அவர் எம் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "ஐயா, இது சரியாவாதுன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டா" என்றார்.

ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணித் தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள். நம் குடும்பங்களில் இது புதிதன்று. உண்மையை மறைப்பதை அன்பு என்று கருதுகிறோம். மறைப்பதால் நோயாளி சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் போகிறது: யாரிடம் எவ்வளவு கடன், பெண்ணுக்கு எங்கே சம்பந்தம், யாரிடம் மன்னிப்பு. நர்சம்மா உண்மையைப் போட்டு உடைப்பவர் அல்லர். "நீங்க என்ன நெனைக்கிறீங்க தம்பி, ஒடம்பு எப்பிடிப் போவுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்; நோயாளி எவ்வளவு தூரம் வருகிறாரோ அவ்வளவு தூரமே உடன் செல்வார். அன்று மனைவியையும் உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டு, எம்மை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே அழுகை கேட்டது. பிறகு பேச்சும் கேட்டது. சிலிகோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தொழில் நோய்; அதற்கு இழப்பீடு கோரவும் இடமுண்டு. அதற்கான பழைய வேலைச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கணவர் அன்றுதான் மனைவியிடம் சொன்னாராம்.

அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். எம்மிடம் அவருக்குக் கொடுக்க எண்ணெயும் இல்லை, அப்பமும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம், அவர் விட்டபின் விட்டோம்.

இரவு அப்பகுதிப் பங்கு இல்லத்தில் தங்கினோம். உண்டபின், கடைசி நாள்களைப் பற்றி நர்சம்மா தம் அனுபவத்திலிருந்து சொன்னவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். குடும்பங்கள் அஞ்சுவது பெரும்பாலும் இந்த நாள்களுக்கே. உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும்போது பசி முதலில் நின்றுவிடுகிறது. சோறு இறங்காததால் சாகிறார் என்று வீட்டார் எண்ணுகிறார்கள். சாகும் நிலை வந்ததால்தான் சோறு இறங்குவதில்லை. அப்போது வாயைப் பிளந்து கஞ்சி புகட்டினால் அது நுரையீரலுக்குள் போகும். தாகத்தின் வேதனை பெரிதும் வறண்ட வாயிலேயே இருக்கிறது. ஆதலால் மணிக்கொரு முறை ஈரப்பஞ்சால் உதட்டையும் நாவையும் துடைத்து, உதட்டில் சிறிது எண்ணெய் தடவினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி சிவந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தொண்டையில் கறகறவென்று ஒலி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முதல் உதவி; அவ்வொலி கேட்போரை வருத்துமளவு, நினைவிழந்த நோயாளியை வருத்துவதில்லை. மூச்சு நின்று நின்று வரும். கைகால் குளிரும். கேட்கும் ஆற்றல் நெடுநேரம் இருக்கக்கூடும் என்பதால், தலைமாட்டில் நின்று பாகப்பிரிவினை பேசலாகாது.

பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் கேட்டோம். உறவினர் ஒவ்வொருவராக வந்து, நினைவிழந்தவர் வாயில் ஒரு கரண்டி பால் விடுகிறார்கள். அன்பினால் செய்வதே அவருக்கு மூச்சடைப்பாகிறது. அதனைத் தடுத்தால் சண்டை வரும். "நான் தடுக்கிறதில்ல சாமி. கரண்டிய வாங்கி வெச்சுட்டு, பாலுல நனைச்ச பஞ்சு குடுத்துடுவேன். எல்லாரும் உதட்டத் தொட்டு வெச்சுட்டுப் போவாங்க. பால் குடுத்த திருப்தியும் ஆச்சு" என்றார். குருமடத்தில் நாம் பயின்ற மேய்ப்புப்பணி நூல்களில் இத்தகைய ஞானத்தைக் கண்டதாக நினைவில்லை.

தென்மாவட்டங்களில் சில இடங்களில் படுக்கையிலிருக்கும் முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் புகட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல் என்ற கொடிய வழக்கம் 2010ஆம் ஆண்டு செய்தித்தாள்களில் வெளிவந்தபோது நாடு அதிர்ந்தது. அதனைச் செய்தோரைக் கண்டிப்பது எளிது. அவ்வீடுகளுக்கு எந்தச் செவிலியராவது மாதம் ஒரு முறை சென்றாரா என்பதையும் கேட்க வேண்டும். உயிரை எடுப்பது வேறு, பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது வேறு. இவ்வேறுபாட்டை 1980ஆம் ஆண்டின் உரோமை அறிக்கையும், 2020இல் வெளிவந்த "நல்ல சமாரியர்" மடலும் தெளிவாகக் கூறுகின்றன. நம் உச்சநீதிமன்றமும் 2018 மார்ச் 9ஆம் நாள் தீர்ப்பில், குணமாகும் நம்பிக்கை அற்ற நிலையில் செயற்கைக் கருவிகளை மறுக்கும் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க இடமளித்தது. 2023இல் அதன் நடைமுறைகளை எளிதாக்கியது. வெண்டிலேட்டர் கட்டணத்துக்காக வீட்டை விற்பது பிள்ளைகளின் கடமை என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை.

மறுநாள் கழுவெளிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடியிருப்புக்குச் சென்றோம். அங்கே எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவர். வயிற்றில் கட்டி. மார்பின் கிடைத்து, வலி அடங்கி, சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். வீட்டுக்கு வெளியே மூத்த மகன் எம்மைத் தடுத்து நிறுத்தினார்.

"சாமி, மன்னிச்சுக்குங்க. உள்ள வேணாம். உங்களப் பாத்தா பூசப்போறாங்கன்னு நெனச்சு ஆயா பயந்துடும்."

பங்குத்தந்தையரின் வாழ்வில் இதனைக் கேளாதவர் இரார். குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வருவது எமதூதன் வருவதுபோல் ஆகிவிட்டது. "அவஸ்தைப் பூசுதல்" என்று நம் முன்னோர் சொன்ன பெயரே அதற்கு ஒரு காரணம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதனை "நோயில் பூசுதல்" என்றழைப்பதே தகும் என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதிய சடங்கு முறையை வெளியிட்டார். நோயினாலோ முதுமையாலோ ஒருவர் ஆபத்தை நெருங்கத் தொடங்கும்போதே அதனைப் பெறலாம். நிலை மோசமானால் மீண்டும் பெறலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், நினைவு தப்பியபின் நள்ளிரவில் எம் கதவைத் தட்டுவோரே மிகுதி. பரணில் இருந்த மார்பினும் நம் சிமிழில் இருக்கும் எண்ணெயும் ஒரே நோயால் வருந்துகின்றன: இரண்டையும் மக்கள் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்து, அவற்றால் பயன்பெற வேண்டியவர் உணர முடியாத நேரத்தில் கொண்டுவருகிறார்கள். இறந்துகொண்டிருந்த வழிப்போக்கனின் காயத்தில் சமாரியர் எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் வார்த்தபோது அவன் உயிரோடு இருந்தான் அன்றோ!

மகனோடு நாம் வாதாடவில்லை. நர்சம்மா மட்டும் உள்ளே சென்று, மூதாட்டியின் தலையை வாரிக்கொண்டே, "ஆயா, சாமி வெளிய நிக்கிறாரு. உள்ள கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். "ஏன் வெளிய நிக்க வெச்சீங்க, வெயில்ல?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மகன் வழிவிட்டார்.

தெளிந்த நினைவோடு அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார். கைகளை அவரே நீட்டினார். நற்கருணை உட்கொண்டார். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சுற்றி முழந்தாளிட்டிருந்தார்கள். சின்னப் பேத்தி எண்ணெய் மணக்கிறதா என்று ஆயாவின் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். முடிந்ததும் மூதாட்டி, எமக்கு மோர் கொடுத்தார்களா என்று விசாரித்தார்.

அவரை இரவில் பார்த்துக்கொள்வது இளைய மருமகள். மூன்று மாதமாக ஞாயிறு திருப்பலிக்கு வர இயலவில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முழு இரவு தூங்கியும் அவ்வளவு காலம் ஆகிவிட்டதாம். நர்சம்மா அங்கேயே அன்பிய உறுப்பினராகிய பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை அழைத்து, ஞாயிறு காலை இரண்டு மணி நேரமும் புதன் இரவும் யார் உட்காருவது என்று முறை வைத்தார். பக்கம் மாற்றுவது எப்படி என்று ஒரு பெண்ணையே படுக்க வைத்துச் செய்து காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், ஆயாவும் சிரித்தார். பங்கிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டோம். பழைய பருத்திப் புடவைகள், காற்று மெத்தை ஒன்று, தலைப்பக்கம் உயரும் கட்டில் ஒன்று. வீடு வீடாகச் சுற்றிவரத் தக்கவை, ஒருவர் பயன்படுத்தியபின் அடுத்தவருக்குப் போகத்தக்கவை. குறித்துக்கொண்டோம்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மகன் அருகே வந்து, ஆயா கேட்கச் சொன்னதாக ஒன்று கேட்டார். முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுவர முடியுமா என்பதே அது. வரும் வெள்ளி காலை ஏழு மணிக்கு என்று அப்பங்கின் தந்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்.